செம்மண்ணில் வண்டி நின்றுவிட்டால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஹொசகோட்டை, கோலார் பக்கத்து மண் பாதைகளில் குடும்பத்தோடு பைக் ஓட்டப் போனால், மதியச் சாப்பாட்டுக்கு முன் ஏதாவது ஒரு வண்டி நின்றுவிடும். எங்கள் சொந்தக்காரர் வீட்டு வண்டிகளையெல்லாம் நான்தான் பார்க்கிறேன். எக்ஸ்பல்ஸ் 200, ஒரு பழைய இம்பல்ஸ், மச்சானுடைய ஹிமாலயன் 411, பிள்ளைகளுக்கு ஒரு 110 சி.சி. குட்டி வண்டி, அதைவிடச் சின்னதாக ஒரு 49 சி.சி. டூ ஸ்ட்ரோக். எது நின்றாலும் காரணம் பெரும்பாலும் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கும். பதற்றத்தில் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருப்பதால் பேட்டரியும் இறங்கி, ஒரு கோளாறு இரண்டாகிவிடுகிறது.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். எந்தக் கட்டத்தில் கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

பையில் இவை இருந்தால்தான் கீழே சொன்னது எதையும் செய்ய முடியும்: 8, 10, 12, 14 ஸ்பேனர்கள், முன் பின் ஆக்ஸிலுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஆலன் கீ, பிளக் ஸ்பேனர், ஒரு புதுப் பிளக், உபரி ஃபியூஸ், கிளட்ச் லிவர், முன் பிரேக் லிவர், முன் பின் டியூப், டயர் லிவர், கைப்பம்பு, பிரஷர் கேஜ், செயின் லாக், கட்டுக்கம்பி. லிவர்களை பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தால் முதலில் உடைவது அதுதான், கோலார் பக்கக் கிராமத்தில் அது கிடைக்காது.

கீழே விழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் ஆளைப் பாருங்கள். கை கால் அசைகிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தூக்க வேண்டும். பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தால் காய்கிற வரை சாவியைத் தொடாதீர்கள்.

*செல்ஃப் அழுத்தினால் எஞ்சின் சுற்றவே இல்லை என்றால்*

ஹேண்டிலில் எஞ்சினை அணைக்க இருக்கும் கில் சுவிட்சைப் பாருங்கள். விழும்போது முழங்கையோ மண்ணோ பட்டு ஆஃப் ஆகியிருக்கும். விழுந்து நின்ற வண்டிகளில் பாதிக்கு இதுதான் காரணம். அடுத்து சைடு ஸ்டாண்டு. பல புதிய வண்டிகளில் ஸ்டாண்டு கீழே இருந்தால் எஞ்சின் எழாது. ஸ்டாண்டு மேலே இருந்தும் அதன் சுவிட்சில் சேறு ஒட்டியிருந்தால் வண்டி ஸ்டாண்டு இறங்கியிருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஸ்டாண்டை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கிளட்ச் முழுதாகப் பிடித்தீர்களா என்பதும் இதோடு சேர்ந்தது.

அதுவும் சரி என்றால் சீட்டைக் கழற்றி பேட்டரி முனைகளை ஆட்டிப் பாருங்கள். மேடு பள்ளத்தில் அந்தச் சின்ன ஸ்க்ரூ தளர்வது சகஜம். பிறகு ஃபியூஸ். உருகிய ஃபியூஸை மாற்றிப் போட்டதும் மறுபடி உருகினால் எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது என்று பொருள். பெரிய ஃபியூஸோ கம்பியோ வைத்து ஒப்பேற்றாதீர்கள், வயரிங் எரிந்துவிடும். அங்கே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோங்கள்.

*எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால்*

கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் எஃப்.ஐ. வண்டிகள் பலவற்றில் சாய்வு சென்சார் உண்டு. வண்டி படுத்தால் அது பெட்ரோலை நிறுத்திவிடும், தூக்கி நிறுத்தினாலும் தானாக விடாது. சாவியை ஆஃப் செய்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆன் செய்யுங்கள். டேங்க் அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு வினாடி ‘ஊம்’ என்று ஓடும் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் அடங்கிய பிறகு செல்ஃப் அழுத்துங்கள்.

பம்ப் சத்தம் கேட்டும் பிடிக்கவில்லையென்றால் எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகப் போயிருக்கலாம். ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு ஐந்து வினாடி செல்ஃப் கொடுங்கள், பிறகு அரை நிமிஷம் விடுங்கள். மூன்று முறைக்கு மேல் வேண்டாம். இம்பல்ஸ் மாதிரி கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு இதையே செய்யுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும் முன் பிளக் குழியில் இருக்கும் மண்ணை ஊதி எடுத்துவிட வேண்டும். ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறிவிடும். பிளக் முனை நனைந்திருந்தால் துடைத்துக் காயவைத்து, கையிலுள்ள புதுப் பிளக்கைப் போடுங்கள். முனை காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை: பம்ப் ஃபியூஸ், பம்ப் கனெக்டர், டேங்கில் பெட்ரோல் அளவு என்று இந்த வரிசையில் பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் பம்ப் சத்தமே இல்லையென்றால் அந்த இடத்தில் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வண்டியை ஏற்றிப் போக டாடா ஏஸ் வரவழையுங்கள்.

இரண்டாம் கியரில் இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்வது பேட்டரி இறங்கிய வண்டிக்குத்தான் உதவும். பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் எஃப்.ஐ. வண்டியில் பம்ப்பே ஓடாது, எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை.

சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வந்தால் மூடியிலுள்ள காற்றுத் துளை சேற்றில் அடைபட்டிருக்கிறது. உள்ளே வெற்றிடமாகி பெட்ரோல் இறங்காது. துளையைக் குச்சியால் குத்தி ஊதினால் தீர்ந்தது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் இதைப் பார்க்காமல் பம்ப்பை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். கோலார்ச் செம்மண் முகப்பவுடர் போல நைஸானது. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டினால் பின்னால் வருபவரின் ஃபில்டர் அரைநாளில் அடைந்துவிடும். நுரை ஃபில்டர் என்றால் கழுவி, காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவிப் போடலாம். காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது. மெதுவாகத் தட்டிப் போட்டு அன்றைய நாளை ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மாற்றுங்கள். ஃபில்டர் இல்லாமல் ‘கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டுவது எஞ்சின் வேலைக்கு முன்பணம் கட்டுவதாகும்.

காற்றில் குளிரும் எஞ்சினில் வரிவரியாக இருக்கும் ஃபின்களுக்கு நடுவே சேறு காய்ந்து அப்பியிருந்தால் சூடு இறங்காது. குச்சியால் சுரண்டி எடுங்கள். கொதிக்கும் எஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். ரேடியேட்டர் உள்ள வண்டியில் சேற்றையும் ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூட்டில் நின்று, அரைமணி கழித்து எழுந்தால் வால்வு இடைவெளி குறைந்திருக்கலாம், அல்லது இக்னிஷன் காயில் சூட்டில் விட்டுப்போகலாம். இரண்டும் வொர்க்‌ஷாப் வேலை. வீடு வரை நிதானமாக ஓட்டலாம், நடுவில் நின்றால் ஆறவிட்டு எடுங்கள்.

கருகல் வாசனை, எஞ்சின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை

கிளட்ச் என்று முடிவு கட்டும் முன் சைலென்சரைக் குனிந்து பாருங்கள். ராகி அறுவடை முடிந்ததும் கிராமத்துச் சாலையில் கதிரைப் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டிகள் ஏறிப் போனால் மணி உதிரும் என்று. அந்த வைக்கோல் சூடான பைப்பில் சுற்றிக்கொண்டு முதலில் புகையும், பிறகு பற்றிக்கொள்ளும். வாசனை வந்தவுடன் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வைக்கோலைப் பிடுங்கி எறியுங்கள். பின்சக்கரத்து ஆக்ஸிலையும் பாருங்கள், அங்கேயும் சுற்றியிருக்கும்.

வைக்கோல் இல்லையென்றால் கிளட்ச்தான். லிவரின் நுனியில் ஒரு விரல் அகலம், அதாவது 10 முதல் 15 மில்லிமீட்டர், வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் விறைப்பாக இருந்தால் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. லிவர் பக்கத்து அட்ஜஸ்டரை உள்ளே சுற்றி ஆட்டம் கொடுங்கள். பிறகு இருபது நிமிஷம் நிழலில் விடுங்கள். புதிதாக ஓட்டுபவர்கள் பள்ளத்தில் சிக்கியதும் கிளட்சைப் பாதி பிடித்தபடி ஆக்ஸிலேட்டரை முறுக்குவார்கள், பிளேட் சூடேறி வழுக்கும். ஆறினால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும்.

அண்மையில் ஆயில் மாற்றியிருந்தால் டப்பாவை நினைவுபடுத்திப் பாருங்கள். கிளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் பைக்குகளுக்கு ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ. 2 என்று போட்டிருக்கும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் பிளேட் வழுக்கும்.

ஆறவிட்டும், ஆட்டம் கொடுத்தும், மூன்றாம் கியரில் முறுக்கினால் வேகம் ஏறாமல் சத்தம் மட்டும் ஏறுகிறதென்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் ஏற்றத்தில் ஓட்டாதீர்கள்.

கிளட்ச் கேபிள் அறுந்திருந்தால், பழகியவர் இறக்கத்தில் தள்ளி, வண்டி உருளும்போது முதல் கியர் போட்டுத் தார் ரோடு வரை கொண்டுவரலாம். பிள்ளைகளும் புதியவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.

தண்ணீரில் அணைந்துவிட்டது

செல்ஃபைத் தொடாதீர்கள். கிக்கரையும் மிதிக்காதீர்கள். இதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே எல்லோருக்கும் சொல்லி வைத்துவிடுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் கை தானாகச் செல்ஃபுக்குத்தான் போகும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பத்து நிமிஷ வேலை பல ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடும்.

வண்டியை வெளியே தள்ளுங்கள். எங்கே நனைந்தது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

*தண்ணீர் முழங்கால் அளவுக்குக் கீழே, ஏர் பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) காய்ந்திருக்கிறது*

வெறும் மின்சாரக் கோளாறு. பிளக் கேப்பைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். சைடு ஸ்டாண்டு சுவிட்சைத் துடையுங்கள். வண்டி எழும்.

*ஏர் பாக்ஸில் தண்ணீர் இருக்கிறது*

ஏர் பாக்ஸ் அடியில் ஒரு சின்ன ரப்பர் குழாய் தொங்கும், அதன் மூடியை எடுத்தால் தண்ணீர் வடியும். ஃபில்டரை எடுத்துப் பிழிந்து காயவையுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் கேபிளைத் துளைக்கு அருகில் விடாமல் தள்ளி வையுங்கள், பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். இப்போது பிளக் இல்லாமலேயே எஞ்சினைச் சுற்றினால் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். யாரும் அந்தப் பக்கம் முகம் வைக்கக் கூடாது. வெறும் காற்று மட்டும் வரும் வரை செய்துவிட்டு, பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

அதற்கு முன் ஆயில் பார்க்கும் கண்ணாடியையோ டிப்ஸ்டிக்கையோ பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், டாடா ஏஸில் ஏற்றி வொர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். பிளக் இல்லாமலும் எஞ்சின் சுற்ற மறுத்தால் அதே முடிவு.

பிரேக் லிவர் கைப்பிடி வரை வருகிறது

இந்த ஓர் அறிகுறியில் மட்டும் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்து வந்த பிறகு இப்படி ஆனால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஆயில் சீக்கிரம் கொதிக்கும். அரைமணி ஆறவிடுங்கள். லிவர் பழைய இறுக்கத்துக்கு வந்தால் குறைந்த கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி விட்டு மெதுவாக இறங்கலாம். வந்த வாரமே ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஆறிய பிறகும் லிவர் மெத்தென்றே இருந்தால் லிவரிலிருந்து, சக்கரத்து டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பர் வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். வழவழப்பான ஈரம் எங்கே பட்டாலும் அங்கே கசிகிறது. கசிவு இருந்தால் அந்த வண்டி அன்றைக்கு ஓடாது. முன் பிரேக் போனாலும் பின் பிரேக் இருக்கிறதே என்று நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

பின் பிரேக் பிடிக்கவில்லை, ஆனால் மிதிப்பது கல் மாதிரி இருக்கிறதென்றால் பெடல் விழுந்ததில் உள்பக்கம் வளைந்து எஞ்சின் கவரில் முட்டிக்கொண்டிருக்கும். பெரிய ஸ்பேனரை மாட்டி நிதானமாக வெளியே இழுத்தால் சரியாகும். கியர் லிவருக்கும் அப்படியே.

ஹேண்டில் நேராக இருக்கிறது, சக்கரம் ஒரு பக்கம் பார்க்கிறது

பயந்துவிட வேண்டாம். பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் கிளாம்ப்புக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும். முன் ஆக்ஸில் நட்டையும், ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட் இருந்தால் அதையும், கீழ் கிளாம்ப் போல்ட்களையும் பாதி சுற்று மட்டும் தளர்த்துங்கள். வண்டிக்கு எதிரே நின்று முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இறுகப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில் பாரைத் தேவையான பக்கம் வெடுக்கென்று திருப்புங்கள். நேரானதும் ஃபோர்க்கை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, எல்லா போல்ட்டையும் இறுக்குங்கள். மறுநாள் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ஒருமுறை இறுக்கிக்கொள்வது நல்லது.

திருப்பியும் நேராகவில்லை, அல்லது அமுக்கினால் ஃபோர்க் பாதியில் சிக்குகிறது என்றால் குழாய் வளைந்திருக்கிறது. ஓட்டக் கூடாது. ஃபோர்க் ஆயில் டிஸ்க் மேல் வழிந்தாலும் அப்படித்தான்.

காற்று இறங்குகிறது

சீமைக்கருவேல முள் என்றால் ஒரே துளை. டியூபில் அருகருகே இரண்டு கீறல் இருந்தால் காற்று குறைவாக வைத்துக் கல்லில் மோதியதால் ரிம் நசுக்கியது. மண்ணில் பிடிப்புக்காக 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வைப்பது சரி, ஆனால் பாறைகள் அதிகமுள்ள இடத்தில் அது போதாது.

டியூப் மாற்றும்போது டயரின் உள்பக்கம் முழுக்கக் கையைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள், மெதுவாக. முள்ளின் நுனி உள்ளே நின்றால் புது டியூபும் ஐந்து நிமிஷத்தில் போகும்.

ஓட்டும் முன் வால்வைப் பாருங்கள். நேராக நில்லாமல் சாய்ந்திருந்தால் டயர் ரிம் மேல் நகர்ந்து டியூபையும் இழுக்கிறது. அப்படியே விட்டால் வால்வு வேரோடு பிய்ந்துவிடும். அதற்கு ஒட்டுப் போட முடியாது. காற்றை இறக்கி, டயரைத் திருப்பி, மறுபடி அடியுங்கள்.

குட்டி வண்டி எழவில்லை

பிள்ளைகள் வண்டி மாதக்கணக்கில் சும்மா நிற்கும், அதுதான் வியாதி. இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். நின்றால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் ஜெட் அடைபடும். கிளம்புவதற்கு முந்தின நாளே பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டர் அடியிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கிண்ணத்தையும் காலி செய்து, புதிது ஊற்றி, வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் 2டி ஆயில் கலந்தாக வேண்டும். அளவு வண்டியோடு வந்த தாளில் இருக்கும்: 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. ஆயில் கூடினால் பிளக் கறுத்து நனைந்து நின்றுவிடும், துடைத்துப் போட்டால் ஓடும். ஆயிலே கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அதோடு எஞ்சின் முடிந்தது. அதனால் கலந்த பெட்ரோல் கேனில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், யாராவது மாமா உதவி செய்வதாக நினைத்து வெறும் பெட்ரோலை ஊற்றிவிடாமல் இருக்க.

செயின் அடிக்கடி கழன்றால் பின்சக்கரம் கோணலாக இறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கழன்ற செயினை எஞ்சின் ஓடும்போது யாரும் கையால் தொடக் கூடாது. பிள்ளைகள் முந்திக்கொண்டு கையை விடுவார்கள்.

ஓட்டுபவருக்கே சரியில்லை

“மாமா, வண்டி பிடிச்ச பக்கம் போக மாட்டேங்குது” என்று அக்கா மகள் சொன்னால் நான் முதலில் வண்டியைப் பார்ப்பதில்லை, அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன். ஜாக்கெட், நீ கார்டு, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வெயிலில் ஓட்டும் பிள்ளை தண்ணீர் கேட்க மறந்துவிடும். களைப்பு வந்தால் கை தளரும், விழுவது அப்போதுதான்.

தலைவலி, குமட்டல், எரிச்சல்: நிழல், ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் கழற்றல், ஓ.ஆர்.எஸ். ஒரு பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அன்றைக்கு ஓட்டியது போதும்.

பேச்சு குழறுகிறது, உடம்பு கொதிக்கிறது: இது வெப்பத் தாக்கு. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

தலையில் அடிபட்டுக் கொஞ்ச நேரம் நினைவு தவறியது, வாந்தி, தூக்கம் தூக்கமாக வருவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. எழுந்து சிரித்தாலும் விடாதீர்கள். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்திருக்கிறது என்றால் அசைக்காதீர்கள், மூச்சு தடைபட்டால் ஒழிய ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். கோலார் பக்கம் என்றால் டமக்காவில் நெடுஞ்சாலையை ஒட்டி ஆர்.எல். ஜாலப்பா மருத்துவமனை இருக்கிறது. எந்தப் பெரிய இடத்துக்குப் போனாலும் முதலில் அருகிலுள்ள இடத்தில் காட்டிவிட்டுப் போவதுதான் சரி.

தோளில் விழுந்து, கையை மேலே தூக்க முடியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றால் காறை எலும்பு. துப்பட்டாவில் தூளி கட்டி எக்ஸ்ரேக்கு அழைத்துப் போங்கள்.

யாரோ வந்து நிறுத்துகிறார்கள்

எஞ்சினை அணையுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். பேச்சு அதற்குப் பிறகு.

*ஊர்க்காரர் என்றால்*

மல்பெரித் தோட்டத்தின் ஓரம் தூசி கிளப்பியிருப்பீர்கள். இந்தப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு அதிகம், தூசி படிந்த இலை புழுவுக்கு ஆகாது. அவர் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு இடத்தை மாற்றுங்கள். ஓட்டத் தொடங்கும் முன்பே, “அண்ணா, இல்லி காடி ஓடிஸ்பஹுதா?” (இங்கே வண்டி ஓட்டலாமா?) என்று கன்னடத்தில் ஒருவரிடம் கேட்டுவிட்டால் இந்தப் பேச்சே வராது. அவரே எங்கே கிணறு மூடாமல் கிடக்கிறது என்றும் சொல்லுவார்.

*வனத்துறை என்றால்*

வாதாடாதீர்கள், திரும்பிவிடுங்கள். காப்புக் காட்டில் (ரிசர்வ் ஃபாரஸ்ட்) அனுமதியின்றி நுழைவதே 1963ஆம் ஆண்டு கர்நாடக வனச் சட்டப்படி குற்றம். நகரத்துக்குள்ளேயே இருக்கும் துரஹள்ளிக் காட்டுக்கும் இதே நிலைதான்.

*போலீஸ் என்றால்*

அரசு நிலம், கோமாள நிலம் (ஊர் மேய்ச்சல் நிலம்) என்பதாலேயே எதையும் ஓட்டலாம் என்று ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் பொதுமக்கள் போக உரிமையுள்ள இடமெல்லாம் பொது இடம்தான். அங்கே நம்பர் பிளேட் இல்லாத வண்டி ஓடக் கூடாது. 18 வயது ஆகாதவர் ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு வந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. 16 வயதானவர் 50 சி.சி.க்கு உட்பட்ட வண்டியை லைசென்ஸோடு ஓட்டலாம் என்பது மட்டுமே விலக்கு.

ஆகவே நாங்கள் இப்படிப் பிரித்துக்கொள்கிறோம். லைசென்ஸ் உள்ள பெரியவர்கள் பதிவுள்ள வண்டியில் பொது நிலத்து மண் பாதைகளில். பிள்ளைகளும் குட்டி வண்டிகளும் தெரிந்தவருடைய வேலி போட்ட மாந்தோப்பில், சொந்தக்காரர் சம்மதத்தோடு. அல்லது கோலார் அருகே பிக் ராக் டர்ட் பார்க் மாதிரி பயிற்சித் தடத்தில். குட்டி வண்டிகள் அங்கே போவதும் வருவதும் டாடா ஏஸில்தான். நிற்கும் இடம் யாருடையது என்பதில் குழப்பம் இருந்தால் கர்நாடக அரசின் திஷாங்க் செயலியைத் திறந்தால் சர்வே எண் தெரியும்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஹேண்டில் ஆடுகிறது

பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டு ஓரம் கட்டுங்கள். மண்ணுக்காகக் குறைத்த காற்றை மறுபடி ஏற்றவில்லை என்பதுதான் பெரும்பாலும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடியுங்கள். ரிம்முக்குள் ஒரு பக்கம் சேறு காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள்.

பிறகு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு ஸ்போக்கையும் சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள். இறுகிய கம்பி ‘டிங்’ என்று பாடும், தளர்ந்தது ‘டொக்’ என்று அடங்கும். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் ஓரளவு இறுக்கி 50 கிலோமீட்டர் வேகத்துக்குள் வீடு போய்ச் சேரலாம். பக்கத்துப் பக்கத்தில் மூன்று நான்கு தளர்ந்திருந்தாலோ, ஒன்று உடைந்திருந்தாலோ, வண்டியை ஓட்டாமல் ஏஸில் ஏற்றி, ரிம் கோட்டம் எடுப்பவரிடம் சக்கரத்தைக் கொடுங்கள்.